நெல்லும் மீனும் உள்ள திருகோணமலையில் உணவு ஏன் எட்டாமல் போகிறது?

கேள்வி: முன்பள்ளி ஆசிரியை, நிலாவெளி

அனைவருக்கும் வணக்கம். என் முன்பள்ளியில் ஒரு சிறுமி தன் சாப்பாட்டுப் பெட்டியை ஒருபோதும் முழுதாகத் திறப்பதில்லை. பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்காதபடி மூடியை ஒரு கையால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மறு கையால் எடுத்து உண்பாள். அருகே அமர்ந்த ஒரு நாளில்தான் பார்த்தேன்: முதல் நாள் வாங்கிய பாணில் ஒரு துண்டு, அதன்மேல் தூவிய சீனி. தகப்பன் கடலுக்குப் போகிறவர்; தாய்வழியினர் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர்கள்.

2022 இல் பசளை இல்லை, டொலர் இல்லை என்று காரணம் சொன்னோம். அந்த ஆண்டு நாட்டில் சுமார் 63 இலட்சம் பேர் போதிய உணவு உறுதியின்றி இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. இப்போது கடைகளில் எல்லாம் இருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீரில் நெல் விளைகிறது. கரையில் மீன் இறங்குகிறது. அப்படியிருந்தும், விளைவிக்கிற வீட்டிலும் பிடிக்கிற வீட்டிலும் பிள்ளையின் தட்டு ஏன் இப்படி இருக்கிறது? தொழிலில் இருப்பவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வயற்காரன், தம்பலகாமம்

டீச்சருக்கு வணக்கம். எனக்குத் தெரிந்த நெல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரும்போக அறுவடை, மாரி மழை முற்றாக ஓயாத தை, மாசியில் வருகிறது. வெட்டும் இயந்திரம் கிடைக்கிற நாளில் வெட்டியாக வேண்டும். ஈரம் காயட்டும் என்று பார்த்திருந்தால் இயந்திரம் அடுத்த வட்டைக்குப் போய்விடும். அப்படி வெட்டிய ஈர நெல்லை ஓர் இரவு சாக்கில் கட்டி வைத்துவிட்டு, காலையில் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல் சுடும். இன்னும் இரண்டு நாள் விட்டால் முளை கட்டும், நிறம் மாறும். வாங்க வருகிற தரகருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அவர் அவசரப்படுவதில்லை.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' என்ற வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என உத்தரவாத விலை அறிவித்தது. முழு விலை கிடைக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. அறிவிப்பு வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் பலர் வெட்டி விற்றிருந்தார்கள். மற்றவர்களுக்கோ காயவைக்கத் தளம் இல்லை. நான் என் நெல்லைத் தார்வீதியின் ஓரத்தில் பரப்பி, மழை இருட்டும் போதெல்லாம் ஓடி ஓடி அள்ளினேன். மூன்றாவது நாள் அலுத்துப்போய் ஈரத்துடனேயே கொடுத்துவிட்டேன். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். உத்தரவாத விலைப்படி அது 180 ரூபாய். நாட்டரிசியின் அப்போதைய கட்டுப்பாட்டு விலையோ 230 ரூபாய். குற்றுக் கூலி, ஏற்றுக் கூலி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் இடையிலுள்ள ஐம்பது ரூபாய்க்குள் அடங்குவதாக ஏட்டில் கணக்கு நேராகவே இருக்கிறது. அந்த 180 எங்கள் கைக்கு வருவதில்லை என்பதுதான் கோளாறு. பசளைக் கடனுக்காகச் சாப்பாட்டு நெல்லையும் சேர்த்து விற்ற ஆண்டுகளில், ஆவணி மாதத்தில் நானும் கடையில் அரிசி வாங்கியிருக்கிறேன்.

பதில் 2: கடற்றொழிலாளி, கிண்ணியா

எங்கள் பொருள் நெல்லைவிட விரைவில் கெடும்; அதற்கு ஓர் இரவுகூடத் தவணை இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுக்கு மண்ணெண்ணெய்தான் உணவு. அன்று எண்ணெய்க்குப் பணம் கொடுத்தவரிடம்தான் பலர் இன்றும் மீன் கொடுக்கிறார்கள். கடன் ஒரு பக்கம் கழிந்தாலும், அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை கழிவதில்லை. நல்ல பாரையும் அறக்குளாவும் ஐஸ் போட்ட லொறியில் ஏறி, விடியுமுன் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்விடும். அங்கே என்ன விலை போனது என்பதைப் படகுக்காரன் மறுநாள் தொலைபேசியில் கேட்டுத்தான் அறிகிறான். கறிக்கென்று நாங்கள் ஒதுக்கும் சூடை, கீரி மீன்களுக்கும் இப்போது கருவாட்டு வியாபாரி கரையிலேயே பணத்துடன் நிற்கிறார். வீட்டில் அரிசி இல்லாத நாளில் அதையும் விற்றுவிட்டுத்தான் வருகிறோம்.

பதில் 3: ஓய்வுபெற்ற சங்கக்கடை முகாமையாளர், உவர்மலை

வயற்காரத் தம்பி சொன்னது சரி, ஆனால் நெல் விலையை மட்டும் உயர்த்தினால் அரிசி வாங்கும் வீடுதான் முதலில் அடிபடும். டீச்சர் சொன்ன பிள்ளையின் வீடும் வாங்கும் வீடுதான்.

1942 இல் தொடங்கிய கூப்பன் முறையில் ஆளுக்கு இத்தனை கொத்து என்று அரிசி அளந்து கொடுத்தோம். 1953 இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. 1979 இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. அரிசியை அளவால் கொடுத்த காலத்தில் சந்தை விலை ஏறினாலும் கொத்து கொத்தாகவே இருந்தது. முத்திரையில் ரூபாயை எழுதிக் கொடுத்த பிறகு, விலை ஏற ஏற அதன் பெறுமதி சில ஆண்டுகளிலேயே பாதியாயிற்று. 2023 இல் வந்த அஸ்வெசும என்ற அரச உதவிப்பணமும் ரூபாய்க் கணக்குத்தான்: வறிய குடும்பத்துக்கு 8,500 என்று தொடங்கியது. கூப்பன் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். எழுபதுகளில் மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகவே தடை இருந்தது, வரிசையும் மரவள்ளிக்கிழங்கும் எனக்கு மறக்கவில்லை. 1943 ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இருந்தும் அதைப் பெறும் வழி இல்லாமல்தான் மக்கள் மாண்டார்கள் என்று காட்டியதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பாண் துண்டையும் சற்றுக் கவனியுங்கள். இந்நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமையை 1980 முதல் நம்முடைய சீனக்குடாவிலேயே அரைக்கிறார்கள். சோறென்றால் விறகோ எரிவாயுவோ வேண்டும், தேங்காய் வேண்டும், ஒரு கறி வேண்டும். பாணுக்கு ஒரு கரண்டி சீனி போதும். காலை ஐந்து மணிக்குக் கூலிக்குப் போகும் தாய் அதைத் தேர்ந்தெடுப்பதை அறியாமை என்று சொல்பவர்கள் அந்த அடுப்பங்கரையில் நின்றிருக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்: முன்பள்ளி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பின் தாய்மாரிடம் அரிசி வாங்கும் விதத்தைக் கேட்டேன். பெரும்பாலானோர் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கொப்பிக் கணக்கில் கடனாக வாங்குகிறார்கள். கொப்பியில் எழுதும் கடையில் விலை கேட்க முடிவதில்லை, வேறு கடைக்குப் போகவும் முடிவதில்லை. ஈர நெல்லை வைத்திருக்க முடியாதவரும், மீனை வைத்திருக்க முடியாதவரும், நாளைக்கு என்று அரிசியை வாங்கி வைக்க முடியாதவரும் ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

பதினெட்டுக் குடும்பங்கள் சீட்டுப் பிடிப்பது போல மாதாமாதம் சேர்த்து, அடுத்த பெரும்போகத்தில் நேரடியாக நெல் வாங்க விரும்புகின்றன. வைப்பதற்கு முன்பள்ளியின் பின்னறை இருக்கிறது. வயற்கார அண்ணா, இது நடக்குமா?

பதில் 4: வயற்காரன், தம்பலகாமம்

நடக்கும், டீச்சர். அரிசியாக வாங்காதீர்கள், வண்டு விழும். நெல்லாக வைத்து, மாதம் ஒருமுறை ஊர் ஆலையில் குற்றிக்கொள்ளுங்கள். சாக்குகளைத் தரையில் வைக்காமல் பலகை அடித்து ஏற்றுங்கள். பள்ளி முற்றம் சீமெந்துத் தரையாக இருந்தால் விடுமுறை நாட்களில் நெல்லை அங்கேயே காயவைக்கலாம், நான் சாக்கும் படங்கும் கொண்டுவருகிறேன். எத்தனை மூட்டை என்பதை மார்கழிக்கு முன் சொல்லிவிடுங்கள். தரகர் முற்பணத்துடன் வருவது மார்கழியில்தான்.