இசைத்தட்டில் இடதும் வலதும் கலந்து கேட்கிறது, உதவி வேண்டும்

வணக்கம், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். ஒரே வாய்ப்பாட்டுக் கச்சேரி வீட்டில் எல்பி தட்டாகவும் சிடியாகவும் இருக்கிறது. ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டால் சிடியில் மிருதங்கம் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் தனித்தனியாக நிற்கின்றன, மேடைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிற மாதிரி. தட்டில் இரண்டும் நடுவுக்கு வந்து பாடகர் மேலேயே விழுகின்றன. ஆனாலும் குரலின் கனம் எனக்குத் தட்டில்தான் பிடிக்கிறது, அதை விட மனசே இல்லை.

சிடியில் இடது, வலது என்ற இரண்டு சேனலும் தனித்தனி எண்களாகப் பதிவாகின்றன, கலப்பு மிகக் குறைவு. தட்டில் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில், ஒவ்வொன்றும் 45 டிகிரி சாய்வில், இடதும் வலதும் வெட்டப்பட்டிருக்கும். ஒரே முள்தான் இரண்டையும் படிக்க வேண்டும், அதனால் நல்ல கார்ட்ரிட்ஜிலேயே (முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) இடது வலது பிரிவு 25, 30 டெசிபல் அளவுதான் கிடைக்கும். சரி, காதுக்கு அதுவே தாராளம். எனக்குக் கேட்பது அதைவிட ரொம்ப மோசம். அப்புறம் முள் தட்டின் உள்வட்டத்தை நெருங்க நெருங்க 'ஸ' ஓசை கரகரக்கிறது.

முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்குமா, தேய்ந்திருக்குமா? கார்ட்ரிட்ஜின் பின்பக்கம் உள்ள நான்கு பின்களில் இரண்டு, உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கின்றன, அதைச் சேதமில்லாமல் எதைக்கொண்டு துடைப்பது? ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குள் முள்ளின் கோணம் சரிபார்த்துத் தருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பிளேயரைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.