ஸ்டார் ட்ரெயில் கோடு விட்டு விட்டு வருது, ஏன்?

கேள்வி: கொடைக்கானல்ல ஸ்டார் ட்ரெயில் (நட்சத்திரங்க நகர்ற தடம் கோடா விழற படம்) எடுத்தேன், ஒவ்வொரு ஷாட்டும் 30 செகண்ட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, வரிசையா எடுத்து ஸ்டார்ஸ்டாக்ஸ்ங்கற படம் சேர்க்கற சாஃப்ட்வேர்ல சேர்த்தா தையல் போட்ட மாதிரி கோடு, இடைவெளி, கோடுன்னு நிக்குது. வட்டத்துக்கு நடுவுல வர்ற துருவ நட்சத்திரமும் மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சுபோச்சு, முழு வட்டமே கிடைக்கல. என்ன பண்ணலாம்?

பதில்: லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் (ரொம்ப நேரம் எடுக்கற ஷாட்ல விழற புள்ளிகளை நீக்கற கேமரா வசதி) ஆன்ல இருக்கும் பாருங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்புறம் கேமரா ஷட்டரை மூடிட்டு இன்னொரு 30 செகண்ட் இருட்டு ஃப்ரேம் எடுக்கும், அதுக்குள்ள வானம் நகர்ந்துடும்ல. ஆஃப் பண்ணிட்டு கன்டினியூவஸ் மோட்ல ரிமோட்டை லாக் பண்ணி விட்டுடுங்க.

பதில்: நம்ம அட்சரேகை எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு டிகிரி உயரத்துலதான் துருவ நட்சத்திரம் நிக்கும் பாஸ், கொடைக்கானல்ல வெறும் 10 டிகிரி, அதனால வடக்கு திறந்து இருக்கற இடமா புடிங்க. இல்லாட்டி நேர் கிழக்க பாத்து வைங்க, கோடு கிட்டத்தட்ட செங்குத்தா ஏறும், எனக்கு வட்டத்தை விட அதான் புடிக்கும். வானம் மணிக்கு 15 டிகிரிதான் சுத்தும், ஒரு மணி நேரமாவது ஓடட்டும்.

பதில்: பனியை மறந்துட்டீங்களே எல்லாரும்! லென்ஸ்ல ஈரம் படிஞ்சா பாதியில மங்கிடும், ஹேண்ட் வார்மரை ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸைச் சுத்திக் கட்டிடுங்க.