குழு 14, கற்றது பூஜ்யம்: துறை சார்ந்த வட்டத்தை எப்படிப் பிடிப்பது?

ஒற்றைமாடு:
அலுவலகத்தில் டேட்டா அனாலிசிஸ் பார்க்க நான் ஒரே ஆள். சந்தேகம் கேட்க யாருமில்லை. டெலிகிராம், டிஸ்கார்ட், லிங்க்ட்இன் எல்லாம் சேர்த்து 14 குழுக்கள். வருவதெல்லாம் கோர்ஸ் விளம்பரமும் குட் மார்னிங்கும்தான். உருப்படியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எறும்பு:
குழுவைத் தேடாதீர்கள், பதில் சொல்பவரைத் தேடுங்கள். கடைசியாக உங்களைப் படுத்திய எர்ரர் மெசேஜை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, யார் விளக்கியிருக்கிறார் என்று பாருங்கள். நாலைந்து பிரச்சினைக்கு இப்படிச் செய்தால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் எங்கே புழங்குகிறார்களோ அங்கே போங்கள். டேட்டா வேலை பார்ப்பவர்கள் கூடும் பைடேட்டா (PyData) மாநாட்டு உரைகள் யூடியூபில் இலவசமாகக் கிடக்கின்றன. உங்கள் பிரச்சினையைப் பேசியவர்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.

சேருமுன் அங்குள்ள கடைசி 30 கேள்விகளை எண்ணுங்கள். பாதிக்கு மேல் பதிலில்லாமல் கிடந்தால் வேண்டாம். உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் சொன்ன 90-9-1 கணக்குப்படி 90 சதவீதம் பேர் வேடிக்கை பார்ப்பவர்கள், 9 சதவீதம் எப்போதாவது எழுதுபவர்கள். மிச்சமுள்ள 1 சதவீதம்தான் வண்டியை இழுக்கிறது. அது தோராயம்தான், ஆனால் 10,000 பேர் குழு ஏன் மயானமாக இருக்கிறது என்பது புரியும்.

பழைய பதிவுகளைத் தேட முடிகிறதா என்றும் பாருங்கள். ஸ்லாக் என்ற குழு அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தையது கண்ணில் படாது. அதனால் ஒரே கேள்வி மாதாமாதம் வரும், தெரிந்தவர்கள் சலித்துப்போய் விலகிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை:
எறும்பு சொன்னது சரி. ஆனால் நல்ல இடத்திலும் கேட்கிற விதம் தப்பினால் பதில் வராது. பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரியில் இரண்டு டேபிளை இணைப்பதை (மெர்ஜ்) எடுத்துக்கொள்ளுங்கள். "பாண்டாஸ் மெர்ஜ் சரியா வரல, ஹெல்ப் பண்ணுங்க" என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: "லெஃப்ட் மெர்ஜ் செய்தேன். இடப்பக்க டேபிளில் 12,000 வரிசை, முடிவில் 14,300. வலப்பக்கத்தில் ஒரே கஸ்டமர் ஐடி இரண்டு முறை வருவதுதான் காரணமா? ஐந்து வரிசை மாதிரி கீழே." இதற்குப் பத்து நிமிடத்தில் "ஆமாம், ஐடி திரும்ப வருகிறதா என்று சோதிக்கும் வேலிடேட் ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எது வேலை செய்தது என்பதைத் திரும்ப வந்து எழுதுங்கள். அந்த இரண்டு வரிதான் உங்கள் பெயரை அங்கே நிற்க வைக்கும்.

மாதிரி டேட்டா கற்பனையாக இருக்கட்டும். கம்பெனி டேட்டாவை ஒட்டி வேலைக்கே உலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பனையோலை:
இரண்டு மாதத்தில் நாலைந்து பேர் பழக்கமாகிவிடுவார்கள். அவர்களோடு இரண்டு வாரத்துக்கொரு முறை 45 நிமிட அழைப்பு வையுங்கள்: ஒருவர் சிக்கிய இடத்தைப் பத்து நிமிடம் காட்டட்டும், மிச்ச நேரம் மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். ஸ்லைடு வேண்டாம், தயாரிப்பு வேலை கூடினால் மூன்றாவது அழைப்பே தள்ளிப்போகும். முறை வைத்து மாற்றுங்கள். எப்போதும் ஒருவரே நடத்தினால் அவர் ஊருக்குப் போகும் வாரத்தோடு கதை முடிந்தது.

வேறு துறையில் ஒன்றிரண்டு பேர் தொடர்பும் இருக்கட்டும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டரின் 1973 ஆய்வில், தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கே அடிக்கடி சந்திப்பவர் உதவியிருந்தார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்.

ஒற்றைமாடு:
நன்றி. இருக்கிற 14-ஐ என்ன செய்ய?

எறும்பு:
30 கேள்வி எண்ணும் வேலையை அவற்றிலிருந்தே தொடங்குங்கள். மூன்று தேறினால் அதிகம். மற்றவற்றை மியூட் செய்து வைக்காமல் வெளியேறிவிடுங்கள்.