மூச்சை அடக்கிக் குதிரை நிலையில் நின்றால் கண் இருட்டுகிறது, சரியா?

பரந்தன்_பெடியன்:
வணக்கம் அண்ணைமார். எனக்கு 24 வயது. காணொளி பார்த்துக் குங்ஃபூ பழகி மூன்று மாதம். உள்விசை வரவேணுமென்று காலமையில் குதிரை நிலையில், அதாவது காலை அகட்டி முழங்காலை மடக்கி, நல்லாத் தாழ்ந்து நிற்கிறேன். தொப்புளுக்குக் கீழே வயிற்றை இறுக்கி, 60 எண்ணும் வரை மூச்சை அடக்குகிறேன். போன கிழமை நிமிரும்போது கண் இருட்டிவிட்டது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். முழங்கால் சிரட்டைக்குக் கீழேயும் நோகிறது. அம்மா பேய் பிடித்துவிட்டது என்கிறா. விசை ஏறும்போது இப்படித்தான் இருக்குமா?

குளக்கட்டு:
விசை ஏறவில்லை தம்பி. ரத்தம் தலைக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். தொண்டையை அடைத்து வயிற்றை முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறையும். அசையாமல் நின்றால் காலிலும் தேங்கும். மாரியில் இரணைமடுக் குளத்துக்கு வெள்ளம் வரும்போது வான்கதவைப் பூட்டியா வைத்திருக்கிறார்கள்?

நானும் இப்படித்தான் தொடங்கினேன். கொழும்பில் வேலை செய்த காலத்தில் ஒரு மாஸ்டரிடம் போனேன். முதல் நான்கு மாதம் அடியும் இல்லை, உதையும் இல்லை, நிற்கத்தான் விட்டார். எரிச்சலாக இருந்தது, காசும் கட்டினேனே! ஒருநாள் என் முன்கையை ஒரு விரலால் தள்ளினார். முறுக்கி வைத்திருந்தேன், அப்படியே சுவரோடு சாய்ந்தேன். "தோளை இறக்கு, கக்கத்தில் முட்டை இருக்கிறது என்று நினை" என்றார். திரும்பத் தள்ளினார். இந்த முறை அந்தத் தள்ளு குதிக்காலுக்கு இறங்கியது. அன்றைக்குத்தான் விளங்கியது, இறுக்கத்துக்குள் விசை இல்லை.

இப்படி நிற்பதைச் சீனத்தில் ஜான் ஜுவாங் என்பார்கள், கம்பம்போல் நிற்பது. யீசுவான் என்கிற சீனத் தற்காப்புக் கலையை உருவாக்கிய வாங் சியாங்ஜாய் (1885–1963) இதைத்தான் அடித்தளமாக வைத்தார்.

நீ செய்யவேண்டியது: கால் தோளகலம். முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடக்கு, அது பெருவிரல் பக்கம் உள்ளே சரியக்கூடாது. பெரிய பாலை மரம் ஒன்றைக் கட்டிப்பிடிக்கிற மாதிரிக் கையை வை. மூச்சு மூக்கால், தன்பாட்டில் வரட்டும், போகட்டும். மூன்று நிமிடம் போதும். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டு. முடிந்ததும் உடனே குந்தாதே, கொஞ்சம் நட. தொடை நடுங்கினால் பரவாயில்லை, மூட்டு குத்தினால் நிறுத்து. தாழ்ந்து நிற்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். மூச்சை அடக்காமலும் கண் இருட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பார்த்துவிடு.

அப்புறம், அம்மா சொன்னதைப் பகிடியாக எடுக்காதே. உள்பயிற்சி பிழையாகப் போவதைச் சீனரும் "தீ தப்பி ஓட, பேய் புகுந்தது" என்றுதான் சொல்கிறார்கள்.

மாங்குளம்_அக்கா:
இடையில் வருகிறேன். எனக்கு இடது காலில் 2009 போரில் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்றால் விறைக்கிறது. இருந்தபடி செய்யலாமா?

குளக்கட்டு:
செய்யலாம் அக்கா. கதிரையின் நுனியில் இருங்கள், முதுகைச் சாய்க்கவேண்டாம், இரண்டு பாதமும் நிலத்தில் முழுக்கப் படவேணும். கை அதே மாதிரித்தான். ஆனால் விறைப்பை டொக்டரிடம் ஒருக்கால் காட்டிவிட்டுத் தொடங்குங்கள், துண்டு எந்த நரம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறதோ.

பரந்தன்_பெடியன்:
அண்ணை, இன்றைக்குக் காலமை நின்றேன். மூன்று நிமிடம் இவ்வளவு நீளமா? கை கனத்தது, மூக்கில் இலையான் வந்து இருந்தது, கண் இருட்டவில்லை. அம்மா தண்ணி அள்ளுவதை விட்டுவிட்டுக் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா.