சீனியர் போட்டுத் தரும் சட்டகம்: உதவியா, ஏமாற்றா?

இரவல்_பேனா:
அரசியலும் வரலாறும் சேர்த்துப் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. 2,500 சொல்லில் ஒரு கட்டுரை தர வேண்டும். கேள்வி: "வைமர் குடியரசு பிறக்கும்போதே அதன் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டதா?" 1919 முதல் 1933 வரை ஜெர்மனியில் இருந்த அந்தக் குடியரசைப் பற்றி நாலு புத்தகம் படித்துவிட்டேன். குறிப்பு மட்டும் நாற்பது பக்கம். எழுத உட்கார்ந்தால் முதல் வரி வர மாட்டேன் என்கிறது. சீனியர் அண்ணன் ஒருவர் தானாகவே வந்து, "சட்டகம் போட்டுத் தருகிறேன், எந்தப் பத்தியில் என்ன வர வேண்டும் என்று அதில் இருக்கும், நீ நிரப்பிக்கொள்" என்கிறார். பணம் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு முழுக் கட்டுரையும் எழுதித் தரும் தளங்கள் பக்கம் நான் போகப் போவதில்லை, அதற்கு அறிவுரை வேண்டாம். சட்டகம் வாங்குவது தப்பா? விதிமுறைக் கையேட்டில் "சொந்த உழைப்பாக இருக்க வேண்டும்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

சிவப்பு_மை:
தப்பு. பதினோரு வருஷம் வரலாற்றுக் கட்டுரை திருத்தியவன் சொல்கிறேன்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்திய வெர்சாய் ஒப்பந்தம், அதிபருக்கு அவசர ஆணை அதிகாரம் தந்த அரசியலமைப்பின் பிரிவு 48, 1929இன் பொருளாதாரச் சரிவு எல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். அவை தெரியும் என்பதற்காக யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. எதை முன்னால் வைக்கிறீர்கள், எதை ஒரே வரியில் கடக்கிறீர்கள், எதைத் தூக்கிப் போடுகிறீர்கள் என்ற தீர்மானத்துக்குத்தான் மதிப்பெண். 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதும், அதை அடுத்து முதல் உலகப் போர் மூண்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் போருக்கு ஜெர்மன் தலைமைதான் பெரும் பொறுப்பு என்று ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961இல் எழுதியபோது சக ஜெர்மன் வரலாற்றாசிரியர்களே கொதித்தார்கள். 2012இல் வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் கிளார்க் அதே பொறுப்பைப் பல தலைநகரங்களுக்கும் பங்கு பிரித்துவிட்டார். நடந்தது ஒன்றுதான், அடுக்கியது வேறு. அந்த அடுக்கை அண்ணன் கொடுத்துவிட்டால் உங்களுக்கு மிச்சம் டைப் அடிக்கும் வேலை.

அடிக்குறிப்பு_அடிமை:
சின்ன திருத்தம். ஃபிஷர் அடுக்கை மட்டும் மாற்றவில்லை, அதுவரை பெரிதாக யாரும் தொடாத அரசு ஆவணங்களையும் எடுத்துப் போட்டார். மற்றபடி சரி.

முதல்_தலைமுறை:
சிவப்பு மை ஐயாவுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்கிறேன்.

என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. முதல் கட்டுரையில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஆண்டு வரிசையில் கொட்டினேன். திரும்பி வந்த தாளில் "வர்ணனை அதிகம், பகுப்பாய்வு போதாது" என்று ஒரே வரி. பகுப்பாய்வு என்றால் என்ன என்று அந்த வரி சொல்லவில்லை, வகுப்பிலும் சொல்லவில்லை. இரண்டாவது கட்டுரைக்கும் அதே வரி வந்தது. கூடப் படித்தவள் ஒருத்திக்கு அம்மா பேராசிரியை. அவள் முதல் கட்டுரையிலேயே பத்தியின் முதல் வாக்கியத்தில் ஒரு வாதத்தை வைத்து, பிறகு ஆதாரத்தை வைத்தாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டால், "அப்படித்தானே எழுதுவார்கள்?" என்றாள். அது அவளுக்குச் சோறு போடும்போது காதில் விழுந்தது. எனக்கு அதைச் சொல்லித் தர ஒரு சீனியர் வந்தால் அது ஏமாற்றா?

சிவப்பு_மை:
கோபம் இல்லை. அந்த ஒற்றை வரியை நானும் எத்தனையோ தாளில் எழுதியிருக்கிறேன். கட்டு உயரமாக இருக்கும், நேரம் இருக்காது. அது எங்கள் பக்கத்துக் குற்றம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் சீனியர் பத்தி எப்படிக் கட்டுவது என்று சொல்லித் தந்தாரா, அந்தக் கட்டுரையின் பத்திகளைக் கட்டித் தந்தாரா? முதலாவது அடுத்த கட்டுரைக்கும் கூட வரும். இரண்டாவது அன்றோடு தீர்ந்தது.

முதல்_தலைமுறை:
இரண்டும் கலந்துதான் நடந்தது. என் கட்டுரையை வைத்துத்தானே சொல்லித் தர முடியும்? சைக்கிளில் ஏறாமல் சைக்கிள் பழக முடியுமா?

சோம்பேறி_சங்கம்:
இவ்வளவு பேச்சு எதற்கு? ஏஐயிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் சட்டகம். சீனியருக்கு நன்றிக்கடன் கூட இல்லை.

அடிக்குறிப்பு_அடிமை:
கேட்டுப் பார்த்தேன் ஐயா. இதே வைமர் கேள்விக்கு ஐந்து நூல் கேட்டேன். இரண்டு நிஜம். ஒன்றில் ஆசிரியர் நிஜம், தலைப்பு கற்பனை. மீதி இரண்டையும் எந்த நூலகப் பட்டியலிலும் காணோம். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி வந்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். கறுப்பு அங்கி போட்டவர்களுக்கே அந்தக் கதி.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவியை நம்பி மாணவரைத் தண்டிப்பதும் ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே குறிப்புகளையும் ஒவ்வொரு முன்வரைவையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

சிவப்பு_மை:
பொய் நூல் பெரிய பிரச்சினை இல்லை, பிடித்துவிடலாம். ஏஐ இந்தக் கேள்விக்குத் தரும் பதில்தான் எனக்கு அலுப்பு. "தலையெழுத்து என்று சொல்ல முடியாது, ஆனால் கட்டமைப்பிலேயே பலவீனங்கள் இருந்தன." கடந்த பருவத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை தாளில் படித்தேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். தப்பான வாக்கியம் அல்ல. யாரும் மறுக்க முடியாத வாக்கியம், அதனால் அதில் வாதமும் இல்லை.

அடிக்குறிப்பு_அடிமை:
எழுதித் தரும் தளங்களைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார் தம்பி. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் 2020இலும் இங்கிலாந்தில் 2022இலும் வந்த சட்டங்களின்படி இந்தச் சேவையை விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். சட்டம் விற்பவரைத் தேடும், வாங்கியவரைப் பல்கலைக்கழகம் தேடும். காசு வாங்கிய தளமே பிறகு "உன் கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது.

சரக்காவது நன்றாக இருக்குமா? எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய கட்டுரையைப் படித்தேன். பண வீக்கத்தால் தள்ளுவண்டியில் நோட்டுக் கட்டு கொண்டுபோன மக்கள் கோபத்தில் ஹிட்லரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதியிருந்தது. அந்தப் பண வீக்கம் 1923. அதற்குப் பிறகு நாணயம் நிலைத்தது, 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். வேலையின்மை ஏற ஏறத்தான் 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. அப்போதும் பெரும்பான்மை இல்லை. அதே ஆண்டு நவம்பரில் 33.1க்கு இறங்கியும்விட்டது. இறங்கிக்கொண்டிருந்த கட்சியின் தலைவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் கூப்பிட்டுப் பிரதமர் ஆக்கினார். காசு கொடுத்து வாங்கிய தாளில் இந்தக் கதையின் திருப்பமே இல்லை.

கேள்விக்குறி:
நான் காசு வாங்குபவள்தான். கட்டுரை விற்பதில்லை, அரசியல் பாடத்துக்குத் தனி வகுப்பு எடுக்கிறேன். மாணவரின் கோப்பில் ஒரு எழுத்துகூட நான் அடிப்பதில்லை. கேள்வி மட்டும் கேட்பேன். "இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் உன் வாதம் விழுமா?" "இதை மறுப்பவர் என்ன சொல்வார்?" "அதிகாரம் என்று எழுதியிருக்கிறாயே, கட்டளை போடுவதையா, பேச்சுக்கே வராமல் ஒன்றை ஒதுக்கிவைப்பதையா?" கடைசிக் கேள்விக்கு அரசியல் சிந்தனையாளர் ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் ஒரு நூலே எழுதினார். அந்த நூலைக் காட்டுவேன், சுருக்கித் தர மாட்டேன்.

சிவப்பு_மை:
நாளை காலை சமர்ப்பிக்க வேண்டும், இரவு பதினொரு மணி, மாணவி அழுகிறாள். அப்போதும் கேள்வி மட்டும்தானா?

கேள்விக்குறி:
நேர்மையாகச் சொல்கிறேன். ஒரு முறை தாண்டியிருக்கிறேன். முடிவுரைக்கு நானே மூன்று வரி வாய்விட்டுச் சொன்னேன். அவள் அப்படியே போட்டாள். தாள் திரும்பி வந்தபோது அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில்தான் "அருமை" என்று எழுதியிருந்தது. அதைக் காட்ட வந்தவளின் முகத்தில் சந்தோஷம் இல்லை. மீதி 1,800 சொல்லும் அவள் எழுதியது, அதில் ஒன்றுக்கும் பாராட்டு இல்லை. அதற்குப் பிறகு பதினொரு மணிக்கு வரும் அழைப்பை எடுப்பதில்லை.

முதல்_தலைமுறை:
நல்ல விஷயம். ஆனால் உங்கள் வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கு மட்டும் அந்தக் கேள்விகள். சீனியர் இலவசம்.

இரவல்_பேனா:
வெளியே போய் வருவதற்குள் இவ்வளவு நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் படித்தேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு வரி எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போடுங்கள்:

"வைமர் சாகப் பிறந்த குடியரசு அல்ல, 1930 மார்ச்சில் பிரதமர் முல்லரின் கூட்டணி அரசு உடைந்த பிறகு, நாடாளுமன்றத்தைச் சுற்றிப் போய் பிரிவு 48இன் அவசர ஆணைகளால் ஆளத் துணிந்தவர்கள் அதைக் கொன்றார்கள்."

சிவப்பு_மை:
நாற்பது பக்கக் குறிப்பிலிருந்து இது வந்ததா? பரவாயில்லை, இதை மறுக்க முடியும், அதுவே நல்ல அறிகுறி. இப்போது மறுக்கிறேன். முதல் அதிபர் ஏபர்ட்டும் இதே பிரிவு 48ஐ நூறு தடவைக்கு மேல் எடுத்தார். கலகங்களையும் 1923இன் நெருக்கடியையும் குடியரசு தாண்டியதில் அதற்கும் பங்கு உண்டு. அதே கத்தி ஒருவர் கையில் அறுவைச் சிகிச்சை, இன்னொருவர் கையில் கொலை என்றால், உங்கள் வாதம் பிரிவைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா?

முதல்_தலைமுறை:
ஐயா, இப்போது நீங்கள் செய்ததற்கு என்ன பெயர்?

சிவப்பு_மை:
கேள்வி.

முதல்_தலைமுறை:
அதில் ஏபர்ட் எப்படி வந்தார்? இரவல் பேனா நாலு புத்தகம் படித்தும் அந்த இணைப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அநேகமாக ஒரு முழுப் பத்தி.

சிவப்பு_மை:
சரி, கொடுத்துவிட்டேன், பழக்கதோஷம். ஆனாலும் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. முதலில் ஒரு வரியை அவர் வைத்தார், அதன் மேல்தான் நான் இடித்தேன். வரியே இல்லாதவருக்கு ஆறு பத்திக்கு அட்டவணை போட்டுத் தருவது வேறு வேலை. "இலவசம்" என்பதால் அது மாறாது.

முதல்_தலைமுறை:
முதல் வரி வைக்கவே தெரியாதவர் என்ன செய்வார் என்பதற்கு உங்களிடம் இன்னும் பதில் இல்லை.

சிவப்பு_மை:
இல்லை. பாடம் நடத்துபவரின் அறைக்கதவைத் தட்டச் சொல்வேன். தட்டக் கூசுகிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பதும் தெரியும்.

கேள்விக்குறி:
தம்பி, ஒரு நடைமுறை விஷயம். யார் எவ்வளவு உதவலாம் என்று பாடம் நடத்துபவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் மொழித் திருத்தம்கூடச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். சில இடங்களில் வரைவை இன்னொருவர் படிக்கலாம், கட்டுரை முடிவில் ஒரு வரி குறிப்பிட்டால் போதும்.

இரவல்_பேனா:
மின்னஞ்சல் போட்டுவிட்டேன். ஏபர்ட்டைத் தேடினேன், என் குறிப்பிலேயே பதினேழாம் பக்கத்தில் இருக்கிறார், நான்தான் வெறும் தேதியாக எழுதிவைத்திருக்கிறேன். பிரிவா ஆளா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஏபர்ட் நாடாளுமன்றத்தோடு சேர்ந்து அதை எடுத்தார், 1930க்குப் பிறகு நாடாளுமன்றத்துக்குப் பதிலாக எடுத்தார்கள் என்ற பக்கம் போகலாமா என்று பார்க்கிறேன். பதில் சொல்லாதீர்கள்.

அண்ணனிடமும் பேசினேன். சட்டகம் வேண்டாம், என் வரைவைப் படித்துக் கேள்வி மட்டும் கேளுங்கள் என்றேன். "அதற்கு நான் மறுபடி எல்லாம் படிக்க வேண்டுமே! என் சீனியர் எனக்குக் கொடுத்த சட்டகம் இருக்கிறது, அதைத்தான் தரலாம் என்று பார்த்தேன்" என்கிறார்.