சைக்ளின் பி1: நோகோடசோல் கொடுத்தும் பட்டை மங்கல், 75 கிலோடால்டன் அருகே வேறொரு பட்டை

கேள்வி:
வணக்கம். முயலில் உருவாக்கிய பாலிகுளோனல் ஆன்டிபாடியைக் கொண்டு ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் பி1 புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடி கொண்டு பட்டையாகக் காணும் முறை) பார்த்துவருகிறேன். நோகோடசோல் செல்களை மைட்டோசிஸில், அதாவது இப்புரதம் மிகுந்திருக்கும் செல் பிரிவுக் கட்டத்தில், நிறுத்தும் மருந்து. அதில் 16 மணி நேரம் வைத்த செல்களில் பட்டை அடர்த்தியாக வர வேண்டும். எனக்கோ மருந்தில்லாத செல்களைவிடச் சற்றே கூடுதலாகத் தெரிகிறது. 433 அமினோ அமிலங்கள் என்பதால் 48 கிலோடால்டனில் எதிர்பார்த்தேன். 55-க்கு மேல் ஒன்றும் 75 அருகே ஒன்றுமாக இரண்டு பட்டைகள் வருகின்றன. ஏற்றிய அளவைச் சரிபார்க்கும் ஒப்பீட்டுப் புரதமான ஆக்டின், ஜெல்லின் எல்லாக் குழிகளிலும் சமம். ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? புதிது வாங்க இப்போது நிதியில்லை.

பதில்:
ஆன்டிபாடியைச் சந்தேகிக்கும் முன் ஒன்று சொல்லுங்கள்: தட்டிலிருந்து செல்களை எப்படி எடுக்கிறீர்கள்?

கேட்டவர்:
ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, குளிர்ந்த பி.பி.எஸ். (செல்களைக் கழுவும் உப்புக் கரைசல்) விட்டு இருமுறை கழுவி, பிறகு சுரண்டி எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தின் வழக்கமான முறை இது.

பதில்:
உங்கள் சைக்ளின் அந்த ஊடகத்தோடுதான் போகிறது. மைட்டோசிஸில் நிற்கும் செல் உருண்டு, தட்டின் மீதான பிடிப்பை இழந்துவிடும். தட்டைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினாலே மிதக்கும். சுரண்டும்போது மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இன்டர்ஃபேஸ் செல்கள், அதாவது பிரியும் கட்டத்தில் இல்லாதவை. ஊடகம், கழுவிய பி.பி.எஸ். இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, கிடைக்கும் செல்களைச் சுரண்டியவற்றோடு கலந்து லைசேட் (செல்களை உடைத்த கரைசல்) தயாரியுங்கள். ஆக்டின் சமமாக வருவதை நம்ப வேண்டாம். புரத அளவைச் சமப்படுத்தித்தானே ஜெல்லில் ஏற்றுகிறீர்கள், எந்தச் செல் போனது என்பதை அது காட்டாது.

55-க்கு மேல் வரும் பட்டைக்காகக் கவலைப்பட வேண்டாம். சைக்ளின் பி1 ஜெல்லில் கணக்கிட்ட எடையைவிட மேலேதான் ஓடும்.

இன்னொருவர் பதில்:
75 பட்டைக்கு வருகிறேன். பாலிகுளோனல் என்பது பல ஆன்டிபாடிகளின் கலவை. அவற்றில் சில வேறு புரதத்தையும் பிடிக்கலாம். இரண்டாம் நிலை ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துப் பட்டையைக் காட்டுவது) மட்டும் இட்ட சவ்வுத் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். கூடவே 2 மில்லிமோலார் தைமிடினால் இருமுறை தடுத்து ஜி1/எஸ் எல்லையில் (டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும் கட்டம்) நிறுத்திய செல்கள், தடையை நீக்கி 8 மணி நேரத்துக்குப் பின் மைட்டோசிஸை நெருங்கும்போது எடுத்தவை, இரண்டையும் ஏற்றுங்கள். முன்னதில் சைக்ளின் பி1 குறைவாகவும் பின்னதில் மிகுதியாகவும் இருக்க வேண்டும். ஏறி இறங்காத பட்டை சைக்ளின் அன்று. 1982-இல் உயிர்வேதியியலாளர் டிம் ஹண்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் சைக்ளினை இனங்கண்டதும் இப்படித்தான்: செல் பிரியும்போதெல்லாம் ஒரு பட்டை மறைந்துபோனது. முழு உறுதி வேண்டுமென்றால் எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.) கொண்டு புரதத்தைக் குறைத்தும் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
மிதக்கும் செல்களையும் சேர்த்தேன். நோகோடசோல் குழியில் பட்டை கறுத்து வந்துவிட்டது! மிக்க நன்றி. 75 பட்டை எல்லாக் குழிகளிலும் ஒரே அளவில் இருக்கிறது. இரண்டாம் நிலை மட்டும் இட்ட துண்டில் அது இல்லை.

இன்னொருவர் பதில்:
அப்படியானால் முதல் ஆன்டிபாடிதான் வேறெதையோ பிடிக்கிறது. படத்தில் அதை வெட்டாமல் முழுச் சவ்வையும் காட்டி, குறிப்பு எழுதுங்கள். குப்பியின் தொகுதி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தொகுதி வேறு முயலின் சீரமாக இருக்கலாம். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க இதே லைசேட்டைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள்.