புதுப்பிப்பு: திரும்பி வந்த ஆய்வுக் கட்டுரை மதிப்பாய்வுக்குப் போய்விட்டது

கர்ப்பிணிகளின் இரத்தசோகை பற்றிய எங்கள் கட்டுரையை ஒரு மருத்துவ இதழ் மதிப்பாய்வுக்கே (துறை வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்வதற்கே) விடாமல் திருப்பிவிட்டது, என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது மதிப்பாய்வில் இருக்கிறது.

கைகொடுத்தது, ஸ்ட்ரோப் (STROBE) சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பச் சொன்ன யோசனைதான். சிகிச்சை எதுவும் கொடுத்துப் பார்க்காமல், இருப்பதைக் கவனித்து மட்டும் செய்யும் ஆய்வுகளின் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. எங்களுடையது குறுக்குவெட்டு ஆய்வு (ஒரு காலகட்டத்தில் ஒரே முறை தரவு எடுப்பது) என்பதால் சரியாகப் பொருந்தியது. 22 அம்சங்களுக்கும் பக்க எண் போட உட்கார்ந்தபோதுதான், மாதிரி அளவை எப்படிக் கணக்கிட்டோம், விடுபட்ட தரவுகளை என்ன செய்தோம் என்ற இரண்டையும் எழுதவே இல்லை என்று தெரிந்தது. இவை இல்லாமல் எங்கள் முடிவுகளை யாரும் எடைபோட முடியாது. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணையும் முறைகள் பகுதியில் சேர்த்தோம்.

எதிர்பாராதது ஒன்று. எழுதியது யார் என்று மதிப்பாய்வாளர்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் கட்டுரை ஆசிரியர்களான எங்கள் பெயர்களை நீக்கி அனுப்பியும் கோப்பு இன்னொரு முறை திரும்பியது. வேர்டு கோப்பின் பண்புகளில் என் பெயர் அப்படியே இருந்தது, நன்றியுரையில் மருத்துவமனையின் பெயரும் இருந்தது. அப்புறம் பண்புகளை அழித்து, நன்றியுரையைத் தனித் தலைப்புப் பக்கத்துக்கு மாற்றி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.